மாலை வகுப்புகள்: தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், புதிய மாலை வகுப்புத் திட்டத்தைப் பற்றி எங்கள் சமுதாயநலப் பிரிவினர் ஆற்றிய உரை)



 ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் செவிலியர் தெருத் தெருவாகப் போகும்போது, மருந்துச் சீட்டை வீட்டில் யார் வாசிப்பார்கள் என்று கேட்பது வழக்கம். பல வீடுகளில் நாலாம் வகுப்புப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தெரியாமல் தலை குனிந்து நிற்பதையும் பார்க்கிறோம். படிக்கத் தெரியாத வீட்டில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்து என்ன பயன்? இதிலிருந்து பிறந்ததுதான் மாலை வகுப்பு யோசனை.

கொள்ளிடக் கரையிலும், திருவானைக்காவலிலும், மேலூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்களை ஒட்டியும் சில இடங்கள். ஆற்றுக்கு இக்கரையில் உறையூர், தாராநல்லூர், அரியமங்கலம் என்று சில இடங்கள். ஆக 12 தெருக்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை வாசிப்பும் கணக்கும். இதற்காக மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு உங்கள் காணிக்கையும் சேரவேண்டும்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் கடைசிப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று ஒரு தலைப்பு இருக்கும். 'திட்ட முடிவில் மதிப்பீடு செய்யப்படும்' என்று ஒரே வரியில் அதை நிரப்பிவிடுவது எங்கும் உள்ள பழக்கம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று மாலை முழுவதும் பேசப்போகிறோம். பைகளையும் சிலேட்டுகளையும் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அட்டை தொங்குகிறது. சேர்ந்த நாளில் காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு என்று அதில் முதல் நாளே எழுதிவிடுகிறோம். பத்து நாள் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று எந்தச் செவிலியரும் விட்டுவைப்பதில்லை. முதல் நாளில் எழுதாவிட்டால், வீட்டுக்குப் போகிற நாளில் 'நன்றாயிருக்கிறார்' என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது. மருந்தால் குணமானாரா, தானாகவே குணமானாரா என்பதும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் கடினமானது.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 2019இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ச்சியாளர் சிலர் பிள்ளைகளின் கணக்கையும் தமிழையும் சோதித்து வைத்திருந்தார்கள். கொரோனா வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பள்ளிகள் மூடி 18 மாதம் ஆனபின், 2021 டிசம்பரில் அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, தமிழில் கணிசமான இறக்கமும், கணக்கில் அதைப்போல இரண்டு மடங்கு இறக்கமும் தெரிந்தன. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகள் அந்தச் சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூவரும் சுமார் 19,000 பிள்ளைகளின் விவரத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், அப்படித் திரும்பி வந்ததில் ஏறக்குறைய 24 சதவீதம் அந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக வந்தார்கள் என்பதும் தெரிந்தது. மூன்று நான்கு மாத வகுப்புக்கு இது நல்ல பலன். சந்தேகமில்லை.

ஆனால் மீதி 76 சதவீதத்தைக் கவனியுங்கள். அந்த நாட்களில் நாங்களோ நீங்களோ ஒரு தெருவில் ஒரு வகுப்புத் தொடங்கி, நம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மாத்திரம் டிசம்பரிலும் மே மாதத்திலும் சோதித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஆச்சரியமான முன்னேற்றம் தெரிந்திருக்கும். முழுவதும் நம் வகுப்பின் பலன் என்று புகைப்படத்தோடு அச்சிட்டிருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இருந்திராது. ஆனாலும் நான்கில் மூன்று பங்கு, பள்ளிக்கூடம் திறந்ததாலும் வேறு காரணங்களாலும் வந்ததாயிருக்கும். பிள்ளைகள் வளருகிறவர்கள். ஒரு வருஷம் போனால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் அதிகமாகத்தான் வாசிக்கும். நம் வகுப்பு இல்லாத தெருவில் அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று பார்க்காதவரை, நமக்குத் தெரிந்தது பாதிக்கதைதான்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் 1990களில் நடந்தது நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஹாலந்து தேசத்துக் கிறிஸ்தவ உதவி அமைப்பு ஒன்று அங்கே பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம், சீருடை, படத்தாள்கள் என்று கொடுத்துவந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கப் பணம் இல்லை. முதலில் கொஞ்சம் பள்ளிகள், பிறகு மற்றவை என்று முறை வைத்தார்கள். மைக்கேல் கிரெமர் என்ற பொருளியலாளர் அந்த முறையையே அளவுகோலாக்கிக்கொண்டார். (2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.) புரட்டிக் காட்டுகிற பெரிய படத்தாள்களை 178 பள்ளிகளில் பாதிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே படத்தாள் வைத்திருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் சும்மா ஒப்பிட்டபோது வைத்திருந்த பள்ளிகளே நன்றாகப் படித்தன. படம்தான் காரணம் என்று தோன்றியது. முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசமே தெரியவில்லை. நல்ல பள்ளிகள் படத்தாளும் வாங்கி வைத்திருந்தன, அவ்வளவுதான். பாடப்புத்தகம் கொடுத்ததில், ஏற்கெனவே முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு மாத்திரம் பலன் கிடைத்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது பாஷை.

குடற்புழு மருந்தையும் அங்கே 75 பள்ளிகளில் முறைவைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கு வராமலிருப்பது கால் பங்கு குறைந்ததாகவும், பரீட்சை மதிப்பெண் உயரவில்லை என்றும் 2004இல் எழுதினார்கள். 2015இல் வேறு சிலர் அதே விவரங்களை வாங்கி மறுபடியும் கணக்குப் பார்த்துப் பிழைகளை எடுத்துக் காட்டினார்கள். அந்த வாதம் பெரிதாயிற்று. எங்களுக்கு அந்த வாதமே பிடித்திருக்கிறது. மறுபடி பார்க்கும்படியாக விவரம் எழுதிவைக்கப்பட்டிருந்ததே!

மூக்குக் கண்ணாடி விஷயமும் இப்படித்தான். புனே பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் கண்ணாடி பெற்ற பிள்ளைகளை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்பப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில், கண்ணாடி போட்டிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 பேர். எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்பது கணக்கு. எத்தனை மூக்கில் இருக்கிறது என்பது மதிப்பீடு.

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறோம்.

12 தெருக்களிலும் ஒரே வருஷத்தில் வகுப்பு நடத்த எப்படியும் பணம் போதாது. முதல் வருஷம் 6, அடுத்த வருஷம் 6. எந்த 6 முதலில் என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. எங்கள் கையில் விட்டால் ரோடு நன்றாயிருக்கிற தெரு, தெரிந்தவர் இருக்கிற தெரு, பெற்றோர் ஆர்வமாய் வந்து கேட்ட தெரு என்றுதான் போகும். அந்தப் பிள்ளைகள் வகுப்பு இல்லாமலும் முன்னேறக்கூடியவர்கள். ஆகவே சீட்டுப் போடுவோம். சீட்டுப் போடுவது சபையாருக்குப் புதிதல்ல, மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் அப்படித்தானே. சீட்டு எழுதுமுன்பே 12 தெருவிலும் 3ஆம், 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் பட்டியல் எடுத்து, எல்லாரையும் சோதித்துவிடுவோம். ஏன் 5ஆம் வகுப்பு இல்லை என்று கேட்பீர்கள். காத்திருக்கிற தெருவில் 5ஆம் வகுப்புப் பிள்ளை அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போய்விடும், வகுப்பு வரும்போது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. 3ஆம், 4ஆம் வகுப்பென்றால் காத்திருந்தாலும் ஒருவருக்கும் தவறிப்போகாது.

இதைப் பற்றி எங்களுக்குள்ளே பெரிய விவாதம் நடந்தது. எங்கள் செவிலியர் ஒருவர் நேராகவே கேட்டார்: "இந்தத் தெருப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நாமே சோதித்துத் தெரிந்துகொண்டு, ஒரு வருஷம் சும்மா விட்டுவிட்டுப் போகலாமா?" அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. பணம் இருந்தும் கொடுக்காமல் வைப்பதென்றால் நாங்கள் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டோம். பணம் ஆறுக்குத்தான் இருக்கிறது. யாரோ ஆறு தெரு காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கிற தெருவிலும் கண் பரிசோதனை, காது பரிசோதனை, புழு மருந்து எல்லாம் முதல் மாதமே உண்டு. வைத்தியத்தில் சீட்டுப் போடமாட்டோம். வகுப்பு மாத்திரம் காத்திருக்கும். அப்படியிருந்தும் அந்தச் செவிலியரின் முகம் முழுவதும் தெளியவில்லை. அது சரி என்றே நினைக்கிறோம்.

சோதனை எப்படி? பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய 'அசர்' ஆய்வில் பயன்படுகிற முறையைப் போன்ற எளிய முறை. ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை ஒவ்வொன்றாக, தனியாக, உரக்க வாசிக்க வேண்டும். எதுவரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. கணக்கும் அப்படியே. பத்து நிமிஷம் போதும். கூட்டமாக உட்காரவைத்துப் பேப்பர் கொடுத்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிடும்.

தேதியும் முக்கியம். ஸ்ரீரங்கத்தில் பூ கட்டுகிற வீடுகளும் தெருவோரக் கடை வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் போனால் பாதிப் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாய்க் கடையில் இருப்பார்கள். மாசிக் கடைசி ஞாயிற்றில் சமயபுரம் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் பூக்கட்டுக்கு ஓய்வே இருக்காது. ஆகையால் முதல் சோதனை ஜூன் கடைசி இரண்டு சனிக்கிழமை, அடுத்தது பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமை. அப்போது வராதவர்களை வீடு தேடிப் போகவேண்டும். வகுப்பிலிருந்து நின்றுவிட்ட பிள்ளையையும் தேடிச் சோதிக்கவேண்டும். பொதுவாகக் கஷ்டப்படுகிற பிள்ளைதான் முதலில் நிற்கும். நிலைத்து வந்தவர்களை மாத்திரம் எண்ணினால் எந்த வகுப்பும் நல்ல வகுப்பாகவே தெரியும்.

பணத்தையும் மதிப்பெண்ணையும் முடிச்சுப் போடலாமே, நன்றாக வாசிக்கவைக்கிற ஆசிரியைக்கு அதிகம் கொடுக்கலாமே என்று சென்ற முறை உங்களில் ஒருவர் நல்ல மனதோடு எழுதியிருந்தார். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் பள்ளிக்கு மானியம் என்பது மிகப் பழையது. 1762இல் திருச்சிக்கு வந்து, 1766இல் கோட்டையில் கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டிய ஷ்வார்ட்ஸ் ஐயர் நடத்திய தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கைப் பள்ளிகளுக்கு 1787இல் கும்பெனியார் பள்ளிக்கு 250 வராகன் வீதம் வருஷந்தோறும் கொடுக்கச் சம்மதித்தார்கள். அதற்கு நெடுங்காலம் பின்பு, 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி, பிள்ளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால்தான் முழு மானியம் என்று விதித்தார். அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. மிஷன் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகளும் 'ரிசல்ட் கிராண்ட்' வாங்கின. இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்காகவே பாடம் நடந்தது. பிள்ளைகள் வாசிப்பதற்குப் பதிலாகப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். கர்சன் பிரபு காலத்தில் 1904ஆம் வருஷத்துக் கல்வித் தீர்மானம் அந்த முறைக்கு எதிராகப் பேசியது. பிறகு அது போய்விட்டது. அளவுகோல் சம்பளமாக மாறினால் ஆசிரியையின் கண் அளவுகோலில்தான் இருக்கும். ஆகையால் எங்கள் ஆசிரியைகளின் சம்பளம் சோதனையைப் பொறுத்ததல்ல. அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே சோதிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறோம். வெற்றுப் பக்கம் ஒன்று. இதற்குக் காரணம் புதுக்கோட்டை. 1991இல் அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் விதிப்படி வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 70 சதவீதம் வாங்கினால் தேறினவர். அளவு அவ்வளவுதான். ஆனால் அந்த மாவட்டத்துப் பெண்கள் அந்த நாட்களில் ஆயிரக்கணக்காய்ச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தேர்வுத்தாளில் சைக்கிளுக்கு மதிப்பெண் கிடையாது. இயக்கத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றைக்கும் முதலில் சொல்வது சைக்கிளைத்தான். சுங்கத்தும், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1996இல் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே எழுத்தறிவோடு பெண்கள் பலம்பெற்றதும் சேர்ந்திருக்கிறது. எனவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆசிரியையும் அந்த வெற்றுப் பக்கத்தில், பட்டியலில் இல்லாத எதைக் கண்டாலும் எழுதவேண்டும். நல்லதும் கெட்டதும். இது நிரூபணம் ஆகாது. ஆனாலும் அடுத்த வருஷம் எதைக் கேட்கவேண்டும் என்று அது சொல்லும்.

12 தெருவை வைத்து உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். வித்தியாசம் சிறிதாயிருந்தால் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். பெரிய வித்தியாசம் இருந்தால் தெரியும். அல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் ஓரளவு தெரியும். எங்கள் தீர்மானத்துக்கு அது போதும்.

அந்தத் தீர்மானத்தை இப்போதே உங்கள்முன் சொல்லிவிடுகிறோம். பிப்ரவரிச் சோதனையில், கதையைத் தடுமாறாமல் வாசிக்கிற பிள்ளைகளின் பங்கு வகுப்பு நடந்த தெருக்களில், காத்திருந்த தெருக்களைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கவேண்டும். உயரவில்லையென்றால் மற்ற 6 தெருவில் இதே வகுப்பை இதே விதமாய்த் தொடங்கமாட்டோம். முறையை மாற்றுவோம், அல்லது அந்தப் பணத்தை வேறு விதத்தில் அந்தப் பிள்ளைகளுக்கே செலவிட உங்கள் சம்மதம் கேட்போம். முடிவு எதுவானாலும் இந்தச் செய்தி மடலில் எண்களோடு அச்சாகும்.

அப்படி ஒரு நாள் 'பலன் தெரியவில்லை' என்று அச்சாகி வந்தால், பிரியமானவர்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்? கொடுக்கிறதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தால்தான் எத்தனையோ இடங்களில் அந்தக் கடைசிப் பக்கம் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால்தான் முடிவு தெரிந்த பின்பு கேட்காமல் இப்போதே கேட்கிறோம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டத்தின் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாயைச் சோதனைக்கும், பட்டியலுக்கும், வீடு தேடிப் போவதற்கும், அறிக்கைக்கும் ஒதுக்கக் கேட்கிறோம். அந்தப் பணத்தில் சிலேட்டு வாங்கலாமே என்று தோன்றும். சிலேட்டு வேண்டாத இடத்தில் ஆயிரம் சிலேட்டு வாங்காமல் இருக்கவும் அதே பத்து ரூபாய்தான் உதவும். வெளிநாட்டுக் காணிக்கையிலிருந்து இதை எடுப்பது கடினம். 2020இல் சட்டம் திருத்தப்பட்டபின் அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 சதவீதம் வரை இடமிருந்தது. அறிக்கை எழுதுகிற செலவும் நிர்வாகச் செலவாகவே எண்ணப்படுகிறது. ஆகவே இந்தப் பங்கு உள்ளூர்ச் சபைகளிடமிருந்தும் உங்களிடமிருந்தும்தான் வரவேண்டும்.

பணம் கொடுக்க முடியாதவர்களிடம் இன்னும் பெரிய காரியம் ஒன்றைக் கேட்கிறோம். சோதிக்கிறவர்கள் எங்கள் ஆட்களாக இருக்கக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம். உங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். ஜூனில் இரண்டு சனி, பிப்ரவரியில் இரண்டு சனி. அதற்குமுன் ஒரு நாள் பயிற்சி. எந்தத் தெருவில் வகுப்பு நடந்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டோம், பிள்ளைகளிடமும் கேட்கக்கூடாது. பிள்ளை தடுமாறும்போது சொல்லிக்கொடுக்கக்கூடாது. முப்பது வருஷம் ஆசிரியராயிருந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்! மனமுள்ளவர்கள் போகும்போது வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்களை உறையூர்ப் பக்கமும், உறையூர்க்காரர்களை ஆற்றுக்கு அக்கரையும் அனுப்புவோம். தெரிந்த வீட்டுப் பிள்ளையைச் சோதிக்கிற சங்கடம் வேண்டாம். பஸ் கட்டணமும் மத்தியானச் சாப்பாடும் உண்டு.

சீட்டுப் போடுகிற நாளை அடுத்த மடலில் அறிவிப்போம். அன்றைக்கு 12 தெருவிலிருந்தும் பெற்றோர் இரண்டிரண்டு பேர் வருகிறார்கள். நீங்களும் வந்து பக்கத்தில் நின்று பாருங்கள்.